பெயரில்லாத வரி

"இது இசக்கிமுருகன் காசுதான் அண்ணாச்சி. திருப்பி அனுப்பிருங்க" என்றார் செந்தூர்பாண்டி, தளவாயிடம்.

இசக்கிமுருகன் தளவாயின் மூத்த மகன்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கமிட்டித் தலைவர் தளவாயும் பொருளாளர் செந்தூர்பாண்டியும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே லேப்டாப்போடு நித்யா. சென்னைக் கம்பெனி வேலையை ஊரில் இருந்தே பார்ப்பவள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பையன்கள் கொடை வரியைக் கிரிப்டோ என்ற இணையக் காசில் அனுப்ப ஆரம்பித்ததும், அதை வாங்கி வைக்கக் கோயிலுக்கு ஒரு வாலட் தொடங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

அதில் இன்று மூவாயிரம் ரூபாய் பெறுமானம் வந்திருந்தது. பெயர் இல்லை.

"யாராவது நன்கொடை குடுத்திருப்பாவ சித்தப்பா" என்றாள் நித்யா செந்தூர்பாண்டியிடம்.

"நன்கொடை குடுத்தவன் சும்மா இருப்பானாட்டி? மைக்குல பேரை ரெண்டு தடவ வாசிங்கன்னு காலையிலயே போன் வந்திருக்கும். தலைக்கட்டுக்கு வரி மூவாயிரம். வந்ததும் மூவாயிரம். எல்லா வீடும் கட்டியாச்சு. நாம வாங்காத வீடு ஒண்ணுதான் பாக்கி."

இசக்கிமுருகன் ஜெபராணி என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட வருடம், அவனிடம் இனி வரி வாங்குவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வரி வாங்காவிட்டால் அப்படி ஒரு வீடே ஊருக்குக் கிடையாது. கொடைக்கு வந்தால் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான்.

கூட்டத்தில் முதலில் எழுந்து, "அவன் வரி வேண்டாம்" என்று சொன்னவர் தளவாய். தலைவர் சொன்ன பிறகு மற்றவர்கள் பேசவில்லை.

இசக்கிமுருகன் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான். பஸ் ஏறினால் பக்கம்தான். ஆனால் தளவாய் மருந்து மாத்திரைக்குக்கூட எதிர்ப்பக்கம் ஆழ்வார்குறிச்சிக்குத்தான் போவார். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் மட்டும். இளையவன் மஸ்கட்டில் இருக்கிறான். மாதாமாதம் அப்பாவின் போனில் இருக்கும் வாலட்டுக்குக் கிரிப்டோவில் ஏதோ அனுப்புகிறான்.

"அவன் காசுன்னு தெரிஞ்சா திருப்பிரலாம்" என்றார் தளவாய். "ஆனா பேரே இல்லாத காசுல என்னத்தக் கண்டுபிடிக்க?"

"பேருதான் கெடையாது மாமா" என்றாள் நித்யா. "காசு எங்கன இருந்து வந்துது, அதுக்கு முன்ன யாருகிட்ட கெடந்துதுங்கிற பாதை எல்லாம் தெறந்துதான் கெடக்கும். யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஒரு எடத்துல ஒரு பேரு தெரிஞ்சிட்டாப் போதும். அந்த ஆளு அதுல செஞ்சது அத்தனையும் தெரிஞ்சுரும்."

செந்தூர்பாண்டி சிரித்தார். "அப்போ மூஞ்சிய மட்டும் துண்டால மூடிக்கிட்டு அம்மணமா நிக்குத கதைல்லா இது."

தளவாய் சிரிக்கவில்லை. "அப்போ யாருக்கும் தெரியாம அனுப்ப முடியாதோ?"

"முடியும் மாமா. பாதைய மூடி அனுப்புததுக்குத் தனி வழி இருக்கு. அது நெறைய பேருக்குத் தெரியாது."

"களவாணிப் பயலுவளுக்குல்லா அது வேணும்" என்றார் செந்தூர்பாண்டி. "நல்லவனுக்கு எதுக்கு ஒளிவு மறைவு?"

"உங்க கடை வரவு செலவ மைக்குல வாசிக்கட்டுமா சித்தப்பா?"

"ஏட்டி, வாயப் பாரு இவளுக்கு. மொதல்ல தேடு."

நித்யா தேடினாள். திரையில் எண்ணும் எழுத்துமாக நீளநீளமாக ஓடியது. கோயிலுக்கு இந்த வருடம் வந்ததையெல்லாம் ஒரு தடவை பார்த்தாள். மெதுவாக மேலே போய் இன்னொரு தடவை பார்த்தாள்.

தளவாய் மண்டபத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, அவன்தானா?"

"தெரியல சித்தப்பா" என்று லேப்டாப்பை மூடினாள். "பாதைய மூடித்தான் அனுப்பியிருக்காவ. இனி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அவன்தான். வேற எவன்?"

"தெரியாத ஆளுக்கு எப்படித் திருப்பி அனுப்ப? வரியில வச்சிருவோம்."

செந்தூர்பாண்டி தளவாயைப் பார்த்தார். தளவாய் தலையை அசைத்தார்.

"வச்சித் தொலைங்க. மைக்குல வாசிக்க மட்டும் கூடாது, ஆமா." பந்தல்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செந்தூர்பாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நித்யா லேப்டாப்பைப் பையில் வைத்தாள். தளவாய் எழுந்திருக்கவில்லை. பைக் சத்தம் முழுவதும் அடங்கட்டும் என்று இருந்தார்.

"நித்யா."

"சொல்லுங்க மாமா."

"நான் ஒண்ணையும் மூடி அனுப்பலியே தாயி."

"தெரியும் மாமா. உங்க பேருல வந்த வரியும் இந்த மூவாயிரமும் ஒரே வாலட்ல இருந்துதான் வந்திருக்கு." அவள் கையை நீட்டினாள். "போனக் குடுங்க. இந்த வருசம் அனுப்புனது அப்படியேதான் கெடக்கும், ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த கொடைக்காவது மூடி அனுப்பச் சொல்லித் தாரேன்."

தளவாய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை.

"மூத்தவனுக்கும் தெரியாமதானே இருக்கும்?" என்று கேட்டார்.