மூலையில் ஒரு பல்சக்கரம்

மேலாளரின் திரையில் கோகிலவாணியின் திரை தெரிந்தது.

பிரின்டரைப் பழுதுபார்க்க வந்தவளுக்கு முதலில் புரியவில்லை. பிரின்டர் தாளை மென்று துப்புகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். வந்தாள். மேலாளர் முரளிதரன் சார் போன் பேச வராந்தாவுக்குப் போயிருந்தார். மேஜையில் பாதி தின்ற மிளகாய் பஜ்ஜி. அதன் காம்பு சட்னியில் கிடந்தது.

திரையில் எழுத்துகள் தாமாக வந்துகொண்டிருந்தன.

பெரியக்கா, இந்தத் தடவையும் வயித்துல தங்கலை.

நின்றன. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன.

பெரியக்கா, இந்தத் தடவையும்

மறுபடி அழிந்தன.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஹாலின் மறுகோடியில், தடுப்புக்கு மேலே கோகிலவாணியின் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. குனிந்திருந்தாள்.

போன வாரம் டப்பாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் மூடியவள். என்னடி என்றதற்கு, காய்ச்சல்க்கா என்றாள்.

அப்போதுதான் திரையின் மூலை கண்ணில் பட்டது. சின்னப் பல்சக்கரம்.

அது, பார்த்துக்கொண்டு நின்ற இவளுடையது.

இந்த அலுவலகத்தின் கணினிகள் மொத்தமும் அவள் பொறுப்பு. ஒரு ஆளின் கணக்கை மாற்றவேண்டுமா, டிஸ்க்கைப் பார்க்கவேண்டுமா, கணினி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாசலாகச் சுற்றிவரச் சொல்லும். அந்தப் பல்சக்கரத்தைத் தொட்டால் போதும், எல்லா வாசலும் வரிசையாக வந்து நிற்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்தவர் திரையைத் திறந்து பழுதுபார்க்கும் வாசலும் அதில் ஒன்று. எல்லா இயந்திரத்திலும் அவளே போட்டுவைத்தாள். திறக்க அவளுடைய கடவுச்சொல் வேண்டும்.

இந்த அறையில் மட்டும் அது வேண்டியதில்லை.

தொட்டதற்கெல்லாம் கூப்பிடும் மனிதர் இவர். அத்தனை நீளக் கடவுச்சொல்லை இந்த அறையில் தட்டித் தட்டிச் சலித்துப்போய், ஒரு நாள் 'நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு எழுந்து போனாள். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

கதவு திறந்தது. பதறுவார் என்று நினைத்தாள்.

பதறவில்லை. மிச்ச பஜ்ஜியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்துட்டீங்களா? பாவமுங்க அந்தப் புள்ள." மென்றார். "காய்ச்சல்னு லீவு லெட்டர் குடுத்துச்சு. காய்ச்சலாமா!" சிரித்தார். பல்லிடுக்கில் பச்சையாக ஏதோ மாட்டியிருந்தது.

"எப்ப இருந்து சார் இதைப் பாக்கறீங்க?"

"சும்மா, பொழுது போகலைன்னா. ஸ்டாஃப் என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியணுமில்லீங்களா? எல்லாம் உங்க புண்ணியந்தான் மேடம்."

புண்ணியம்.

அவள் நாக்கில் அந்தப் பஜ்ஜியின் காறல் ஏறியது. அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஹெட் ஆபீஸ்ல சொல்லுவேன் சார்."

"தாராளமா சொல்லுங்க. யாரு பேர்ல திறந்திருக்குன்னு ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்க."

விரலை நீட்டித் திரையைத் தொட்டுக் காட்டினான். கோகிலவாணியின் திரைக்கு மேலே, தலைப்பில், திறந்தவர் என்று இவள் பெயர். அதன் மேல் இப்போது எண்ணெயில் ஒரு கைரேகை.

அவன் பார்த்த ஒவ்வொரு முறையும் அவள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். எந்த விசாரணையும் அவள் வாசலில்தான் வந்து நிற்கும். இந்த வேலை போகும். அதற்கப்புறம் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனி அவளை நம்பிச் சாவியைக் கொடுக்கும்?

"மூடிடுங்க. நானும் மறந்துடறேன், நீங்களும் மறந்துடுங்க. முடிஞ்சுபோச்சு." மவுஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு பிரின்டரின் பக்கம் திரும்பினான். சிக்கியிருந்த தாளைக் குனிந்து உருவத் தொடங்கினான்.

மவுஸ் பிசுபிசுத்தது. சக்கரத்தின் இடுக்கில் மாவுத் துகள். உள்ளங்கையில் அப்பியது.

மூடும் குறி மேல் மூலையில் இருந்தது. அம்பை அங்கே கொண்டுபோனாள்.

கீழே எழுத்துகள் மறுபடி வந்துகொண்டிருந்தன.

பெரியக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்.

கோகிலவாணி இதை அழிக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

அம்பு மூலையிலேயே நின்றது.

பிறகு கீழே இறங்கியது. கோகிலவாணியின் திரையில், அந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு வெற்றுப் பக்கம் திறந்தது.

அவள் இங்கிருந்தே தட்டினாள்.

கோகிலா, நீ எழுதறது மேனேஜர் ரூம்ல தெரியுது. என் பாஸ்வேர்டுல திறந்து பாக்கறாரு. எழுந்து வா.

"பிரின்டர் இங்கீங்க, அங்க என்ன தட்டிக்கிட்டு..." நிமிர்ந்தவன் திரையைப் பார்த்தான். "ஏய்!"

அவன் கை அவள் கையின் மேல் விழுந்தது. சூடாக, எண்ணெயாக. மவுஸோடு சேர்த்து இழுத்தான். விரல்கள் வழுக்கின.



அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஹாலின் மறுகோடியில் உச்சி வகிடு மறைந்து, முகம் தெரிந்தது. ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.