மோசஸின் மகள் ஈஸ்வரி

மேனேஜர் சந்திரமோகன் வார்டுக்குள் நுழைந்தபோது ஈஸ்வரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அதற்கே தனியாக ஒரு தைரியம் வேண்டும். கும்மிடிப்பூண்டி மெயின் ரோட்டிலிருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸிங் அசிஸ்டென்ட்டாக இருந்த காலம் முழுக்க, டூட்டியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்பது சந்திரமோகன் போட்ட சட்டம். படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, பெட்பேன் வைத்து எடுத்து, கால் இரண்டும் வீங்கிப்போய்த்தான் ரயில் ஏறுவாள்.

போன மாதம் அவளை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

பதினோராம் நம்பர் கட்டிலில் இருந்த நோயாளி கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததாம். அவளுடைய கவனக்குறைவுதான் காரணமாம். அந்த நேரத்தில் அவள் வார்டிலேயே இல்லை. ஏன் இல்லை என்பது சந்திரமோகனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார், மகராசன். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான டாக்டர் காயத்ரியைப் பார்க்கக்கூட விடாமல், வாட்ச்மேனை விட்டு வெளியே அனுப்பினார்.

அழுது தீர்த்தாள். அப்புறம் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு மீஞ்சூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் போய் வேலை கேட்டாள். அவர்கள் இங்கே போன் போட்டு விசாரித்தார்கள். அவ்வளவுதான், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ‘கவனக்குறைவு’ என்கிற அந்த வார்த்தை போகாதவரை எந்த வார்டும் அவளைச் சேர்க்கப் போவதில்லை.

அதே ஆஸ்பத்திரியில்தான் இப்போது கழுத்தில் அட்டெண்டர் அட்டை தொங்க ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

துணைக்கு ஆள் இல்லாமல் எந்த நோயாளியும் படுத்திருக்கக் கூடாது. அதுவும் சந்திரமோகன் போட்ட சட்டம்தான், போன மாதம் புதிதாகப் போட்டது. அத்திப்பட்டு மோசஸ் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். மகள் சோனியாவுக்கு சிப்காட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. “அக்கா, நீ வந்து நைனா கூட இருக்கிறியா?” என்று அவள்தான் போன் செய்தாள். கேட்ட மாத்திரத்தில் ஈஸ்வரி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காலையில் மோசஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தார். “டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்ற நேரத்துல நீ பாட்டுக்கு ஒக்காந்துகினு இரு. ஒன்னப் பாத்தா அந்த ஆளால சும்மா இருக்க முடியாது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

டாக்டர் காயத்ரி வார்டின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் ஓடிவந்த சந்திரமோகன், ஈஸ்வரியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“இன்னாம்மா, ஒன்ன யாரு உள்ள வுட்டது?”

ஈஸ்வரி ஒரு சுளையை எடுத்து மோசஸின் வாயில் வைத்தாள். பிறகு நிதானமாக அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

நோயாளி மோசஸ். துணை ஈஸ்வரி. உறவு மகள்.

படித்ததும் சந்திரமோகனின் முகம் மலர்ந்துவிட்டது. மாட்டினாள்!

“மோசஸுக்கு ஈஸ்வரி மகளா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“பெத்தாத்தான் மகளா சார்?” என்றார் மோசஸ், மென்றுகொண்டே.

“நைனா, கொட்டைய முழுங்கிடாத” என்று அதட்டினாள் ஈஸ்வரி.

எதிர்க்கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார். சந்திரமோகனுக்குக் காது மடல் சிவந்தது. அதற்குள் டாக்டரும் பக்கத்தில் வந்துவிட்டார். டாக்டர் முன்னால் குரலை உயர்த்த முடியுமா? தேன் தடவிய குரலில் மோசஸ் பக்கம் குனிந்தார்.

“பெரியவரே, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். இந்தம்மாவ நம்பாதீங்க. இவங்க பாத்துக்கினு இருந்த பேஷன்ட் ஒருத்தர் கட்டில்லேந்து வுழுந்து இடுப்பே ஒடைஞ்சுபோச்சு.”

மோசஸ் கொட்டையைக் கையில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும் சார். வுழுந்தவன் நான்தான்.”

பதினோராம் கட்டில், பதினோராம் கட்டில் என்று வாய் ஓயாமல் சொல்லி ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்ட மனுஷன், அந்தக் கட்டிலில் கிடந்தது யார் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விழுந்தவர் மோசஸ் என்பது டாக்டர் காயத்ரிக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது என்பதுதான் அவருக்குத் தெரியாது. சந்திரமோகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஈஸ்வரி பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்.

ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த பதில். ஆனால் யாரோ ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார் என்றதும் ஈஸ்வரிக்குப் பதிலுக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நான் சொல்றேன் டாக்டரம்மா” என்றார் மோசஸ். “எந்திரிக்காத நைனா, இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. பொறுக்காம எந்திரிச்சது என் தப்பு. மேனேஜர் சாருக்கு போண்டா வாங்கப் போயிருந்துச்சு. மொதல் தபா சூடா வாங்கியாந்து குடுத்துச்சு. கெட்டிச் சட்னி எங்கன்னு கேட்டு அவருதான் மறுபடியும் அனுப்பினாரு.”