திருத்தாத குரல்

ஊரில் எல்லா மேடைகளிலும் குரலைத் திருத்தும் பெட்டி கட்டாயம். கானா பாடுகிற நாங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பழைய ஐஸ் ஃபேக்டரியில் புதிதாகத் திறந்த அரங்கில் மட்டும் அது இல்லை.

முதல் நாளே அதிகாரி பூட்டோடு வந்தார்.

"பெட்டிய மாட்டுங்க. இல்லன்னா சீல்தான்."

"மாட்டறதா வேணாமான்னு சங்கம் கூடித்தான் முடிவெடுக்கணும். கூட்டம் நடக்கும்போது பூட்டச் சட்டமில்ல. குந்து சார்," என்றாள் தலைவி எஸ்தர்.

ஒவ்வொருவராக எழுந்து எங்கள் கருத்தைப் பாடினோம். எஸ்தர் பாடியபோது உச்சத்தில் அவள் குரல் உடைந்தது.

"யக்கா, பிசிறு தட்டுது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"என்னுதுடா அது. எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

உடைந்த குரலைக் கேட்டு அதிகாரிக்கு எத்தனை வருடமோ. பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கூட்டம் எப்ப முடியும்?" என்றார்.

"முடியாது சார். நாளைக்கும் இருக்குது."