இரண்டு நிமிடம் பத்து விநாடி

“அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசேன் ஜொவி,” என்றார் காஸ்பர். தி.நகர் எடிட்டிங் அறைக்கு மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஜொவிட்டா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். “சளி டாடி. உங்களுக்கு ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டுமே. பெத்த அப்பன் முன்னாடி மூஞ்சியை மூடிக்கிட்டு என்ன பேச்சு? பேங்க் கொள்ளையா அடிக்கப் போறே?”

அவள் சிரித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள். சளி உண்மைதான். ஆனால் இன்றைக்கு மாஸ்க் வசதியாகவும் இருந்தது. உதடு நடுங்கினால் வெளியே தெரியாது.

காஸ்பர் இருபத்தாறு வருடம் ஒரு ஹோட்டலில் ஜாஸ் சாக்ஸபோன் வாசித்தவர். முதுகுவலி என்று போன வருடம் அவராகவே நின்றுகொண்டார். சினிமாவுக்கும் நிறைய வாசித்திருக்கிறார். ஒரு படத்தில்கூடத் திரையில் அவர் பெயர் வந்ததில்லை.

ஜொவிட்டா எடிட் செய்யும் இந்தப் படத்தில்தான், அவள் சிபாரிசில், அந்த வாய்ப்பு வந்தது. கிளப் காட்சியில் இரண்டு நிமிடம் பத்து விநாடி அவர் மட்டும் வாசிக்க வேண்டும். பெயரும் போடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை இயக்குநர் முத்துகிருஷ்ணன் அவளைத் தனியாக அழைத்தார். “தப்பா எடுத்துக்காதம்மா. அங்கிள் வாசிச்ச நாலு டேக்லயும் சுருதி நிக்கலை. வேற ஆளை வெச்சு எடுத்துட்டேன். பேர் மட்டும் அவரோடதே இருக்கட்டும். நீயே பக்குவமா சொல்லிடு.”

சுருதி நிற்கவில்லையா? சாந்தோம் சாலையில் பஸ் ஹாரன் அடித்தால் அது என்ன சுரம் என்று சொல்கிற மனிதருக்கா? ஜொவிட்டா நான்கு டேக்கையும் கேட்டுப் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் சொன்னது சரிதான். அறுபத்தெட்டு வயதாகிறதே என்று தேற்றிக்கொண்டாள்.

போனை அவர் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. இதை வாட்ஸ்அப்பில் எழுதவும் கை வரவில்லை. புது வாசிப்பைக் காதால் கேட்டால் அவரே தெரிந்துகொள்வார் என்றுதான் வரவழைத்திருந்தாள்.

நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தாள். காட்சியை ஓடவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் கதாநாயகன் சாக்ஸபோனை உதட்டில் வைத்தான். யாரோ ஒருவருடைய வாசிப்பு பிசிறில்லாமல் அறையை நிறைத்தது.

காஸ்பர் திரும்பவில்லை. அவருடைய விரல்கள் முழங்காலின் மேல் வாசித்துக்கொண்டிருந்தன. படத்தில் சாக்ஸபோன் ஓய்ந்த பிறகும் அவை கொஞ்ச நேரம் ஓடி, அப்புறம்தான் நின்றன.

கடைசியில் எழுத்துகள் வந்தன. ‘சாக்ஸபோன்: காஸ்பர்.’

அவர் எழுந்து போய் அந்த வரியை விரலால் தொட்டார். “உங்கம்மா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை பூசையில ஒருத்தர் விடாம சொல்லியிருப்பா. சாமியார்கிட்டயே போய்ச் சொல்லியிருப்பா.”

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நல்லா விழுந்திருக்கு, இல்லே? அந்தக் கடைசி ஏத்தத்துக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் மனம் நோகக்கூடாது என்று நடிக்கிறார். ஜொவிட்டாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“நடிக்காதீங்க டாடி! அது நீங்க இல்லை. முதல் மூச்சுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு டேக்லயும் சுருதி விலகிடுச்சு, வேற ஆளை வாசிக்க வெச்சுட்டாங்க. என்னால தடுக்க முடியலை. மன்னிச்சிடுங்க டாடி.”

கண்ணீர் வழிந்து மாஸ்க் நனைந்தது. காஸ்பரின் சிரிப்பு பாதியில் நின்றது. அருகில் வந்து, அவள் காதில் மாட்டியிருந்த மாஸ்க்கின் கயிற்றை மெல்ல விடுவித்தார்.

“இப்போ சொல்லும்மா. உதட்டைப் பார்த்தாத்தான் எனக்குக் கேக்கும்.”