மஸ்கட் பிஸ்கட்

மகன் சண்முகராஜ் மஸ்கட்டிலிருந்து வந்து நாலு நாளாகியும் அமுதவள்ளி வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சாக்லேட்கூட வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வீட்டுக்கு ரெண்டு சாக்லேட் என்பது அந்தத் தெருவின் எழுதாத சட்டம்.

“துபாய்ல இருந்து வேதமணி வரும்போது பெட்டியே மூணு. இந்த சண்முகராஜ் ஆட்டோவுல இருந்து ஒத்தப் பையோடல்லா இறங்குனான்” என்று எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி மட்டும் இழுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் சாக்லேட் வாசம் வந்தது. வாசத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சொர்ணத்தாய் நேராக அடுக்களைக்குள் நுழைந்தாள்.

அடுப்பில் விசில் போடாத குக்கர். அடியில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து அமுதவள்ளி பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி நடக்குது இங்கன?”

“யூடியூப்ல பாத்தேன் மதினி. அவன் கொண்டாந்த சாக்லேட் கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. ஒடச்சுப் போட்டு பிஸ்கட்டாச் சுட்டா, தெருவுக்கே குடுக்கலாம்லா.”

“மிச்சமா? மொத சாக்லேட்டயே நாங்க இன்னும் கண்ணால பாக்கல. யாரு தின்ன மிச்சம்?”

“பசுவந்தனைக்கு, மக வீட்டுக்குக் குடுத்துவிட்டேன். அவிய வீட்டுல ஆளு ஜாஸ்தி.”

“சம்பந்திக்குச் சாக்லேட்டு, தெருவுக்குத் தூளு!”

அமுதவள்ளி குக்கர் மூடியைத் திறந்து பார்த்தாள். இப்போதுதான் பார்த்துவிட்டு மூடியிருந்தாள்.

“ஒம் மவன் எங்க? வந்ததுல இருந்து வாசப்படி தாண்டலியே.”

“தூங்குதான் மதினி.”

“நாலு நாளாவா?”

சொர்ணத்தாயின் கண் மூலையிலிருந்த குப்பைப் பைக்குப் போனது.

“எறும்பு மொய்க்குது பாரு. குப்பையக் கட்டி வைக்கக்கூடத் தெரியல ஒனக்கு.”

குனிந்து பையை விரித்துப் பார்த்தாள். பிறகு இறுக்கிக் கட்டினாள்.

“வண்டி வந்துரும். நானே கொண்டுபோறேன்.”

“வேண்டாம் மதினி!” அமுதவள்ளி பையின் மறுமுனையைப் பிடித்தாள்.

“ஏன், உள்ள தங்கமா வச்சிருக்க?”

ஒரு கையில் குப்பைப் பை, மறு கையில் சுட்டு ஆறவைத்திருந்த பிஸ்கட் தட்டு. சொர்ணத்தாய் தெருவில் இறங்கிவிட்டாள்.

குப்பை வண்டி வந்தால் மக்குவது, மக்காதது என்று நடுத்தெருவில் கொட்டித்தான் பிரிப்பார்கள். யார் வீட்டில் என்ன வாங்கினார்கள் என்பது அங்கே வைத்துத்தான் தெருவுக்குத் தெரியும். அமுதவள்ளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டியைச் சுற்றிப் பெண்கள். தட்டு சுற்றி வந்தது.

பாண்டிச்செல்வி ஒன்றைக் கடித்தாள். “அடி தீஞ்சிருக்கு. இதுல மஸ்கட்டு எங்கக்கா இருக்கு?”

“கடலைமிட்டாய் தின்ன நாக்கு ஒனக்கு. வெளிநாட்டுச் சாக்லேட்டு லேசாக் கசக்கத்தான் செய்யும். நல்லா மென்னு பாரு” என்றாள் சொர்ணத்தாய்.

பாண்டிச்செல்வி இன்னொன்றை எடுத்து மென்றாள். “ஆமாக்கா, இப்பத் தெரியுது.”

அவளுக்குத் தெரிந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. நம்மூர்ச் சாக்லேட்டில் இந்த மணம் வராது என்று ஒருத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

“பையன் ஏன் வெளிய வர மாட்டேங்கான்?”

“அங்கன ராத்திரி வேலை. பகல்ல தூங்கிப் பழகிட்டான். நாளைக்கு வருவான், பாருங்க.”

வண்டிக்காரம்மா கையை நீட்டினாள். “அந்தப் பையைத் தாங்கம்மா, பிரிக்கணும்.”

“இது எங்க வீட்டுதுட்டி. நாளைக்குப் போடுதேன்.”

வீட்டுக்கு வந்ததும் சொர்ணத்தாய் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். வெந்நீர் அடுப்பின் முன் உட்கார்ந்து பையை அவிழ்த்தாள். உள்ளே பன்னிரண்டு சாக்லேட் உறைகள். ஒவ்வொன்றிலும் கோவில்பட்டி மெயின் ரோட்டுக் கடையின் ஸ்டிக்கர்: ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.’

ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டாள்.

“மஸ்கட்காரன் என்னதான் கொண்டாந்தானாம்?” கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கணவர் கருத்தையா கேட்டார்.

“சாக்லேட்டுதான்” என்றாள் சொர்ணத்தாய், கடைசி உறையை உள்ளே தள்ளிக்கொண்டே. “நம்ம ஊருல எங்க தேடுனாலும் கெடைக்காது.”