அத்தையின் கைப்பக்குவம்

கதவைத் தட்டுவதற்கு முன், டெரல் தன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

“ராய்ஸ். ராய்ஸ் பீல்.”

நிஜமான ராய்ஸ், ஃப்ளோரிடா சிறையில் டெரலுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரன். சிறுவயதிலேயே மெய்ன் மாநிலத்தை விட்டுப் போனவன். அங்கே அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் யூனிஸ் அத்தை. அத்தைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புளூபெர்ரி நிலம். பிள்ளை குட்டி கிடையாது.

சிறைக்கு வந்த அவமானத்தில், சொந்தம் யாருமில்லை என்றே எழுதிக் கொடுத்திருந்தான் ராய்ஸ். ஆனால் டெரலிடம் ஓயாமல் அத்தை புராணம் பாடினான். பாடிக்கொண்டே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். புராணம் டெரலிடம் தங்கிவிட்டது.

கதவு திறந்தது.

“நான்தான் அத்தை, ராய்ஸ். போன்ல பேசினேனே.”

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை அளந்தாள் அவள். “உங்கப்பன் ஜாடை ஒண்ணும் காணோமே?”

“நல்ல வேளைன்னு சொல்லுங்க.”

அவள் சிரிக்கவில்லை. “பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா.”

சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். விசாரணை ஆரம்பமாயிற்று.

“இந்த வீட்டைப் பத்தி உனக்கு என்னடா ஞாபகம் இருக்கு? சொல்லு பாப்போம்.”

டெரல் சொன்னான். மாடிப்படியில் உருண்டு பல் உடைந்தது, கிணற்றுக்குள் பூனையைத் தேடியது, பெர்ரி தின்று நாக்கு நீலமாகித் திருட்டு வெளிப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னான்.

“ம். அப்புறம்?”

“வெர்னான் மாமா. கோபம் வந்தா உங்களோட பேச மாட்டாரு, டிராக்டரோட பேசுவாரு.”

“டிராக்டர் பதில் சொல்லுச்சா?”

“உங்களை மாதிரி எதிர்த்துப் பேசாதுன்னு சொல்வாரு.”

“ம்.”

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தப் போலீஸ்காரனும் டெரலை இப்படிக் குடைந்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பிசகினால் நிலமும் போய்விடும், மறுபடி கம்பிக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான்.

கடைசியில் அவள் எழுந்தாள். “வந்த பிள்ளையைப் பட்டினியா உக்கார வெச்சிருக்கேன். புளூபெர்ரி கோப்ளர் பண்ணித் தரேன், இரு. உனக்கு உசிராச்சே.”

கண்ணாடித் தட்டில் வெண்ணெயைப் போட்டு ஓவனில் உருக விட்டாள். அலமாரியிலிருந்து ஒரு ரெடிமிக்ஸ் மாவுப் பெட்டியை எடுத்து, வாயைக் கத்தரித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி வெண்ணெய் மேல் ஊற்றினாள். பிறகு கடை பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, கோலிக்குண்டு கோலிக்குண்டாக இருந்த பெர்ரிகளை மேலே தூவினாள்.

“கிளறக் கூடாதுடா. பழம் தானா கீழ போகும், மாவு தானா மேல வரும். ரொம்ப சுலபம்.”

டெரல் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஆகஸ்ட் மாத வெயிலில் நிலம் முழுக்கக் காட்டுப் பெர்ரி, மிளகைவிடச் சற்றே பெரிதாக, நீலமாகக் கொட்டிக் கிடந்தது.

சட்டென்று மூளைக்குள் மணியடித்தது.

யூனிஸ் அத்தை ஏன் ஊரோடு பேசுவதில்லை என்று ராய்ஸ் சொல்லியிருக்கிறான். சர்ச் விருந்துக்கு எவளோ ஒருத்தி ரெடிமிக்ஸில் கேக் செய்து கொண்டுவந்துவிட்டாள். அதை நன்றாக இருக்கிறது என்று சொன்ன பாதிரியாரோடு சேர்த்து மொத்த ஊரையும் தள்ளி வைத்தாள் அத்தை. அன்றிலிருந்து அவளும் யார் வீட்டுக்கும் போவதில்லை; இந்த வாசலையும் யாரும் மிதிப்பதில்லை.

அப்படிப்பட்டவள் கையில் பெட்டி மாவா? கடைப் பெர்ரியா?

‘அடிப்பாவி, கண்ணி வைக்கிறாள்!’ என்று நினைத்தான் டெரல். போலியாக வந்தவன் தட்டை வழித்துத் தின்பான். நிஜ மருமகன் கொதித்து எழுவான். அதைத்தான் பார்க்கப்போகிறாள்.

கோப்ளர் பொன்னிறமாக வெளியே வந்தது. ஒரு கரண்டி ஐஸ்கிரீமை மேலே வைத்து, தட்டை அவன் பக்கம் தள்ளினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டான். பரவாயில்லாமல்தான் இருந்தது.

“எப்படி? அதே பழைய ருசிதானே?” அவள் கண்கள் அவன் முகத்தை விட்டு நகரவில்லை.

டெரல் ஸ்பூனைக் கீழே வைத்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

“யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?”

“என்னடா?”

“எங்க யூனிஸ் அத்தை செத்தாலும் ரெடிமிக்ஸ் பெட்டியைக் கையால தொட மாட்டாங்க! வாசல்ல காட்டுப் பெர்ரி கொட்டிக் கிடக்குது, அவங்க கடைக்குப் போய் இந்தக் கோலிக்குண்டை வாங்கிட்டு வருவாங்களா? இந்த நாடகமெல்லாம் வேற எவன்கிட்டயாவது வெச்சுக்குங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு.”

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இதோ, கண்கலங்கிக் கட்டிப்பிடிக்கப் போகிறாள்.

கண் கலங்கத்தான் செய்தது. முகம் வெளுத்தது. ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து மேஜை மேல் வைத்தாள். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க, சார்... உங்க அத்தை போன பனிக்காலமே தவறிட்டாங்க, நான் அவங்களைப் பாத்துக்க வந்த நர்ஸு.”