குடிக்க என்ன தந்தவை?

"குடிக்க என்ன தந்தவை, தம்பி?"

சிமியோன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. சாவகச்சேரிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, வெயிலோடு வெயிலாக நடந்து வந்த பிள்ளை. வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கறுத்தக் கோட்டு முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

வேறு தாய் என்றால் என்ன கேட்டவை, நீ என்ன சொன்னாய் என்று கேட்டிருப்பாள். பூரணம் கேட்டது இது ஒன்றைத்தான்.

"அதை விடணை அம்மா. நடந்த கதையைக் கேளணை."

துணிப்பையைச் சுவர் ஆணியில் கொழுவிவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.

ஜேர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருசம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெரிய பிறக்கிராசிக் கந்தோர் ஒன்று. கொழும்புக் கொம்பனிகளுக்கும் புகையிலை முதலாளிமாருக்கும் வழக்குப் பார்க்கிற இடம். அங்கே தொழில் பழக ஒரேயொரு ஆளுக்குத்தான் இடம். பழகினால்தான் சட்டப் பரீட்சை எழுதலாம், பிறக்கிராசியாக வரலாம்.

ஏழு கந்தோருக்கு எழுதி ஏழும் கடிதத்தோடு முடிந்துபோயின. இந்த எட்டாவதுதான் "நேரில் வாரும்" என்று கூப்பிட்டது. அதுவும் கந்தோருக்கு அல்ல, பிறக்கிராசியார் சிவசுப்பிரமணியத்தின் வீட்டு விறாந்தைக்கு.

வந்தவர்கள் இரண்டு பேர். இவனும், ஆழ்வாப்பிள்ளை என்று ஒருவனும்.

"புகையிலை ஏத்தின தோணி கடலிலை தாண்டு போச்சு, நட்டம் ஆருக்கு எண்டு கேட்டாரணை. மற்றவர் உடனை, தோணிக்காரனுக்கு எண்டிட்டார். நான் சொன்னன், ஐயா, புகையிலை கைமாறினதோ, பேச்சோடை நிண்டதோ? அதைச் சொல்லுங்கோ, நட்டம் ஆருக்கெண்டு நான் சொல்லுறன். மனுசன் மேசையிலை அடிச்சுச் சிரிச்சார். உவனெல்லோ பிறக்கிராசி எண்டார்!"

பூரணத்துக்குத் தோணியும் விளங்கவில்லை, சட்டமும் விளங்கவில்லை. புகையிலை மட்டும் விளங்கியது. முப்பது வருசமாக ஊரார் தோட்டத்தில் இலை கட்டிய கறை அவளுடைய விரலில் இருந்தது.

"பிறகு?"

"பிறகு ஊர் கேட்டார். ஆற்றை மோன் எண்டு கேட்டார். சொன்னன்."

"அதுக்குப் பிறகுதான் குடிக்கத் தந்தவையோ?"

"ஓம்."

ஒரு வீட்டின் மனதை அறிய அவளுக்குச் சாத்திரம் வேண்டாம், பிள்ளையள். ஏனம் ஒன்று போதும். தோட்டத்தில் அவளுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். தோட்டத்துக் கிணற்றடியில் தண்ணீர் என்றால் அவள் இரண்டு கையையும் ஏந்த வேண்டும், அவர்கள் எட்ட நின்று ஊற்றுவார்கள். தங்களோடு சரியாசனம் உள்ளவனுக்குத்தான் அந்த வீடுகளில் வீட்டாரே குடிக்கிற பித்தளை மூக்குப்பேணி வரும்.

இப்போது புதிதாக ஒரு மரியாதை கண்டுபிடித்திருந்தார்கள். கோட்டுப் போட்ட, இங்கிலீசு படித்த பிள்ளைக்குச் சிரட்டையை நீட்ட முடியாது. வீட்டு ஏனத்தைக் கொடுக்கவும் மனம் வராது. அதற்கு ஒரு வழி.

இதெல்லாம் சிமியோனுக்குத் தெரியாது. மிசன் பள்ளிக்கூட விடுதியில் பதினொரு வருசம் எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவன். தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் அவளும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

விடிந்தது தொடக்கம் அவள் காத்திருந்தது ஒரு சொல்லுக்கு. மூக்குப்பேணி.

"மற்றவருக்கு வெறும் கோப்பிதானணை. எனக்கெண்டு கடைக்கு ஆள் விட்டுச் சோடா எடுப்பிச்சவை! கண்ணெல்லாம் கலங்கி, மூக்காலை ஏறிப் புரைக்கேறிப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கடைப் போத்தில். வீட்டு ஏனம் வெளியே வரவில்லை. எட்டாவதும் முடிந்தது.

ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். கடிதம் வருமட்டும் சிரிக்கட்டுமே.

"சோடாவோ! என்ரை ராசாவுக்குச் சோடாவோ!" அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "பெரிய இடமெல்லோ. வேறை ஆருக்குக் குடுப்பினம்?"

"ஒரு கிழமையிலை கடிதம் போடுவினமாம்."

"போடுவினம், போடுவினம். ஏன் போடாமல்?"

அவன் கோட்டைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனான்.

கறையான் அரிக்காமல் சேட்டிபிக்கற்றுகளை எடுத்துப் பெட்டிக்குள் வைப்போம் என்று பூரணம் ஆணியிலிருந்து பையை எடுத்தாள்.

பை பாரமாக இருந்தது.

காகிதங்களுக்கு அடியில் ஒரு சோடாப் போத்தில். வாய் வைத்த போத்தில் அந்த முற்றத்தில் கிடக்கக்கூடாது என்று கையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

வாயை அடைக்கிற கண்ணாடிக் குண்டு கழுத்தில் இறுகியபடியே இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

பட்டினத்திலிருந்து அதைச் சுமந்து வந்திருக்கிறான். குடிக்கவுமில்லை, எறியவுமில்லை.

வெளியே கிணற்றுத் துலா ஏறி இறங்குகிற சத்தம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஒரு ஆள் குளிக்க இவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

பூரணம் போத்திலைத் திரும்பவும் காகிதங்களுக்கு அடியில், கிடந்தபடியே கிடத்தினாள். பையை அதே ஆணியில் கொழுவினாள்.

துலாச் சத்தம் நின்றது.

அவள் முகத்தை முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பிறகு, சிரித்தபடி வாசலுக்கு வந்து நின்றாள்.